பட்டுச் சேலைகளும் ஒரு வெறும் ஃபிளாஷும்

ஐரோப்பியக் கிராமங்களைப் படம் எடுத்த அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புதிதாகக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் எந்த லென்ஸ், எந்த மாதம், எந்த ரயில் என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்கு உங்கள் கையிலிருக்கும் ஃபோனே போதும். நான் ஐரோப்பாவுக்கு எந்த வழியாகப் போனேன் என்பதை மட்டும் சொல்கிறேன். கொல்லங்கோட்டிலிருந்து பீர்மேடு வழியாகப் போனேன். பூகோளம் படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்தெட்டு வயது. நெல் விவசாயக் குடும்பம். அண்ணன் வயலைப் பார்த்துக்கொண்டார். நான் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்யாண வீட்டிலோ மாமன், மச்சான், பந்தி பரிமாறுகிறவர், பந்தலுக்குக் கால் நட்டவர் எல்லோரும் வந்து, "ஏனுங்க, நம்மளை ஒண்ணு எடுங்க" என்பார்கள். மறுத்தால் மனஸ்தாபம். அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு வித்தை வைத்திருந்தோம். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அதன் பொத்தானைத் தொடாமல், ஃபிளாஷின் பின்னால் இருக்கும் சோதனைப் பொத்தானை மட்டும் அமுக்குவோம். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். கேட்டவர் முகம் மலரும். ஃபிலிமில் ஒன்றும் விழாது. இதற்கு வெறும் ஃபிளாஷ் என்று பெயர். "எங்க படத்தைக் காணோமுங்க" என்று பிற்பாடு யாராவது வந்தால், "கண்ணை மூடிட்டீங்க, அதான் போடலீங்க" என்று சொல்லிவிடுவோம். கண்ணை மூடிய பழியைப் பாதி கொல்லங்கோடு சுமந்திருக்கிறது.

இப்படி நான் பிழைத்துக்கொண்டிருந்தபோது, கொச்சியில் வெளிநாட்டுச் சுற்றுலா நடத்தும் ஒரு நிறுவனம், ஐரோப்பியக் கிராமங்களை ஆறு வாரம் சுற்றிப் படம் எடுத்துவர ஒருவரைத் தேடுகிறது என்று தெரிந்தது. ஓடினேன். அதன் மேலாளர் கல்பாத்தி அக்கிரஹாரத்துக்காரர், மெல்லிய குரல், பெரிய கண்ணாடி. என்னிடமும் எர்ணாகுளத்திலிருந்து வந்திருந்த இன்னொருவரிடமும் ஆளுக்கு ஒரு வண்ண ஸ்லைடு ரோல் கொடுத்தார். முப்பத்தாறு படம். ஒரு மலையூரை எடுத்துவர வேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கு விமானச் சீட்டு. எர்ணாகுளத்துக்காரரிடம் இரண்டு ஜெர்மன் கேமராக்கள் இருந்தன. என்னிடம் ஒன்று, அதுவும் பட்டையில் முடிச்சுப் போட்டது.

ஐரோப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுப் பிஸ்கட் டப்பாவின் மூடி. அம்மா அதில் ஊசி நூல் வைத்திருந்தாள். மூடியில் பச்சை மலை, சிறு தேவாலயம், புகை விடும் வீடுகள், கூடையோடு பெண்கள். அந்த மூடியை அப்படியே பீர்மேட்டில் எடுத்துக் காட்டிவிட்டால், 'இவன் அங்கே போகாமலே எடுத்துவிட்டான், போனால் விடுவானா' என்று அனுப்பிவிடுவார்கள் என்பது என் கணக்கு. கேட்டதும் அண்ணன் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"ஏன்டா, சீமைக்குப் போறதுக்குப் பீர்மேட்டுக்கு எதுக்குடா போற?"

"ஒத்திகைங்கண்ணா" என்றேன்.

கோட்டயத்திலிருந்து அரசு பஸ் மலையேற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் டப்பா மூடி. பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் சுடலைமுத்து என்கிற ஜீப் ஓட்டுநர் என் பையைப் பிடுங்கித் தன் ஜீப்பில் போட்டுக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் குடும்பம். வந்தவர்களுக்கு இடம் காட்டுவதில் அவருக்கு அலாதிப் பிரியம். நேராக ஒரு முனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி பனி.

"இங்கதான் அண்ணாச்சி வியூ இருக்கு" என்றார்.

"ஒண்ணுந் தெரியலீங்களே."

"இப்பம் தெரியாது. ஆனா இருக்கு."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த தன்னம்பிக்கை வாசகம் இதுதான். பின்னாளில் ஆல்ப்ஸ் மலையில் நான்கு நாள் மழையில் உட்கார்ந்திருந்தபோது இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுடலைமுத்து வீட்டில்தான் தங்கினேன். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அங்கே லயம் என்பார்கள். அவர் மனைவி பேச்சியம்மாள் கொழுந்து எடுக்கிறவள். என் வயதுதான் இருக்கும். பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம். அடுத்த இரண்டு நாளும் நான் தேயிலைக் காட்டுக்குள் அவர்கள் பின்னாலேயே அலைந்தேன். காலில் அட்டை, கண்ணில் ஐரோப்பா. தேவாலயம், ஓடை, சரிவு, பைன் மரம் என்று சுட்டுத் தள்ளினேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கேமராவில் படம் எடுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு அடுத்த படத்துக்காகக் கட்டைவிரலால் ஒரு லீவரை இழுக்க வேண்டும், அது 'சர்ர்' என்னும். லீவரை இழுக்காமல் அடுத்த படம் கிடையாது. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒரே நாளில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் 'டிக்' என்றதும் இருபது பேரும் கொழுந்திலிருந்து கை எடுக்காமலே "சர்ர்" என்று கோரஸ் பாடுவார்கள். சூப்பர்வைசருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் நாள் மாலை என்னிடம் ஆறு படம் பாக்கி. அதற்குத் திட்டம் தயார். மறுநாள் பத்து மணிக்குத் தோட்டத்து மேனேஜரின் பங்களாவை எடுக்க அனுமதி வாங்கியிருந்தேன். ரோஜாச் செடியும் புகைபோக்கியுமாக அதைப் போன்ற சீமைச் சரக்கு அந்த மலையில் வேறு இல்லை. அதற்கு ஐந்து படம். விடியலில், வீட்டுக்கு வீடு அடுப்புப் புகை கிளம்பும்போது எதிர்ச் சரிவிலிருந்து லயத்தை ஒரே ஒரு படம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அங்கேதான் என் வாழ்க்கையின் மகா முட்டாள்தனத்தைச் செய்தேன்.

"நாளைக்கு விடியக்காலம் உங்க லயத்தைப் படம் எடுக்கப் போறேனுங்க. யாரும் ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். எப்பவும் போல இருங்க" என்றேன்.

படம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, எப்பவும் போல இரு என்றால் நம் ஊரில் எவர் இருப்பார்? கல்யாணப் படம் எடுத்துப் பழகிய எனக்கே இது தெரியாமல் போனது. டப்பா மூடி என் மூளையை அந்த அளவுக்கு மூடியிருந்தது.

விடியற்காலையில் கதவைத் திறந்தேன். நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். குளித்து, எண்ணெய் வைத்து, பவுடர் பூசி. பெண்கள் கல்யாணப் பட்டில். பட்டு இல்லாதவர்கள் பளபளக்கும் நைலக்ஸில். ஒருவர் டிரான்சிஸ்டர் ரேடியோவை மார்போடு அணைத்திருந்தார். ஒருவர் கையில் பிளாஸ்டிக் பூச்சாடி. லயத்திலிருந்த ஒரே கைக்கடிகாரம் சுடலைமுத்துவுடையது. யார் கட்டிக்கொள்வது என்று பெரிய தகராறு நடந்து, கடைசியில் அவர் மனைவி கையிலேயே வந்து நின்றிருந்தது. எல்லோர் முதுகும் விறைப்பாக, எல்லோர் கையும் தொடையோடு ஒட்டி. பின்னால் வீடுகள் அத்தனையும் சாத்திக் கிடந்தன. அலங்காரத்தில் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை. ஒரு பொட்டுப் புகை கிடையாது.

"எங்க அண்ணாச்சி நிக்கணும்?" என்றார் சுடலைமுத்து. அவர் தலையில் எண்ணெய் காதுவரை வழிந்திருந்தது.

வெளிச்சம் நன்றாக இருக்கப்போவதே பத்து நிமிடம். இருப்பது ஆறு படம். பிஸ்கட் டப்பா மூடியில் யாரும் பூச்சாடியோடு நிற்பதில்லை. இவர்களை எடுத்தால் ஒரு படம் நஷ்டம். எடுக்கமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கை பழகிய வேலையைக் கை செய்தது. பையிலிருந்து ஃபிளாஷை எடுத்து மாட்டினேன்.

"எல்லாரும் இங்க பாருங்க. சிரிங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை, படத்தில் சிரிப்பது மரியாதை இல்லை. ஃபிளாஷின் பின்பொத்தானை அமுக்கினேன். பளிச். இன்னொரு தரம் பளிச். வெட்டவெளியில் ஃபிளாஷ் எதற்கு என்று கேட்க அங்கே யாருக்கும் தெரியாது என்பது என் தைரியம். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டுவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சரிவில் தலைதெறிக்க ஏறினேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது ஃபேக்டரிச் சங்கு ஊதியது. வேலைக்குப் பெயர் கொடுக்க நேரத்துக்குப் போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கீழே ஓட்டமும் நடையுமாக ஒரே அமளி. சூரியன் முகட்டுக்கு மேல் வந்தது. புகையில்லாத லயத்தைப் பார்த்தபடி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தேயிலைக்குள் ஏதோ நகர்ந்தது. முதலில் மயில் என்று நினைத்தேன். மயில் இல்லை, பேச்சியம்மாள். மயில்கழுத்து நிறப் பட்டு, அதன்மேல் இடுப்பில் கட்டிய சாக்கு, முதுகில் கூடை. அவள் பின்னால் கிளிப்பச்சை. அதன் பின்னால் குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ. இருபது பெண்கள் கல்யாணச் சேலையில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பவுடர் கலையாமல், வரிசையாகக் கொழுந்து எடுக்க இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஈரத் தேயிலையில் காலை வெயில் பட்டு மலையே மினுங்கியது. சூப்பர்வைசர் பெயர்ப் பதிவுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

சேலை மாற்ற நேரமில்லாமல் ஓடிவந்துவிட்டார்கள், கடவுளே கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். இங்கே சுட்டால் பங்களாவுக்கு ஃபிலிம் இல்லை. பங்களா இல்லாவிட்டால் டப்பா மூடி பூர்த்தியாகாது, விமானச் சீட்டு எர்ணாகுளத்துக்குப் போய்விடும். இதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசித்ததாக உங்களுக்குப் பெருமை அடிக்கலாம். உண்மையில் நான் யோசித்து முடிப்பதற்குள் டிக், சர்ர், டிக், சர்ர் என்று ஆறும் போயிருந்தது. எழுந்து நின்று தனியாகக் குதித்தேன். வழுக்கி விழுந்து பத்தடி உருண்டேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்து மணிக்குப் பங்களா வாசலில் மேனேஜர் டை கட்டிக்கொண்டு, மனைவியோடும் நாயோடும் காத்திருந்தார். மூவருக்கும் வெறும் ஃபிளாஷ் அடித்தேன். நாய் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

ஃபிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்தது. கொச்சி அலுவலகத்தில் மேலாளர் ஒவ்வொரு ஸ்லைடாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேவாலயம், ஓடை, பைன் மரம்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் அங்கேருந்து வர்ற காலண்டர்லேயே பாத்துண்டிருக்கேனே ஓய்" என்றார். அடுத்த ஸ்லைடை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது எந்த ஊர் உத்ஸவம்?"

"உத்ஸவம் இல்லீங்க. வேலைக்குப் போறாங்க."

"பட்டுப்புடவை கட்டிண்டா?"

"ஆமாங்க."

ஸ்லைடை மெல்லக் கீழே வைத்தார். "அங்கேயும் இப்படி ஒண்ணு உம்ம கண்ணுல படுமோ?"

"படுமுங்க" என்றேன். எப்படிப் படும் என்று எனக்கே தெரியாது. சீட்டு கிடைத்துவிட்டது. எர்ணாகுளத்துக்காரர் பெருந்தன்மையாகத் தன் கம்பளிக் கோட்டை எனக்குக் கொடுத்தார். அதில் என்னைப் போல் இன்னொருவரும் நுழையலாம்.

கிளம்பும் முன் சுடலைமுத்துவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'லயத்து ஆட்கள் போட்டோ எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.' பதில் எழுத உட்கார்ந்தேன். வழக்கமான சமாதானம் பேனா முனையில் வந்து நின்றது. ஆனால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிவிட்டார்கள் என்று எப்படி எழுதுவது? கார்டைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஐரோப்பா டப்பா மூடியைப் போலவேதான் இருந்தது. ஆஸ்திரியாவின் முதல் கிராமத்தில் எனக்குப் பித்தே பிடித்துவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. புல்லைக்கூட எண்ணெய் வைத்துச் சீவி விட்டிருந்தார்கள். மணி கட்டிய பசு ஒன்று என் கேமராவைக் கண்டதும் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டது. ஒரே காலையில் மூன்று ரோல் தீர்த்தேன். நான்காம் நாள் பார்த்தால் எந்த ஊர் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அழகு மட்டும் இருந்தால் இப்படித்தான் ஆகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது கிராமத்தில் மாட்டுக்கொட்டகை வாசலில் ஒரு அம்மாள் பால் வாளியோடு நின்றாள். அழுக்குக் கவுன், ரப்பர் பூட்ஸ், கலைந்த தலை. மாலை வெயில் வாளியில் விழுந்தது. எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். அவள் வீட்டுக்குள் போய்ப் பட்டென்று கதவைச் சாத்தினாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்துப் பையைக் கட்டினேன். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. பூவேலை செய்த பண்டிகை உடை, சீவி முடித்த தலை, கழுத்தில் வெள்ளிச் சங்கிலி. பக்கத்தில் இறகு செருகிய தொப்பியோடு புருஷன். இருவரும் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் விறைப்பாக நின்றார்கள். கை தொடையோடு ஒட்டியிருந்தது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஏழு கடல் தாண்டி வந்தால் இங்கேயும் அதே லயம். சிரித்துக்கொண்டே இருந்தவன், என் விரல் ஃபிளாஷின் பின்பக்கம் போய்விட்டதை உணர்ந்தேன். ஃபிலிமும் குறைவு, படமும் ஆகாத படம். ஆனால் அந்த அம்மாள் நிற்பதைப் பார்த்ததும் மயில்கழுத்துப் பட்டு ஞாபகம் வந்தது. வெட்கம் உச்சந்தலை வரை ஏறியது. விரலை எடுத்துவிட்டு மூன்று படம் நிஜமாகவே எடுத்தேன். பிறகு இவளும் இதே உடையோடு பால் கறக்கப் போவாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். அவள் உள்ளே போய் அழுக்குக் கவுனை மாட்டிக்கொண்டுதான் வந்தாள். பீர்மேட்டில் நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

ஊர் திரும்பியதும் ஃபிளாஷைக் கொல்லங்கோட்டிலேயே போட்டுவிட்டு, முழு ரோலோடும், தேயிலைச் சரிவுப் படத்தைப் பெரிதாகப் போட்ட ஒரு பிரதியோடும் பீர்மேட்டுக்கு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை. சுடலைமுத்து ஜீப் கழுவிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருவரையும் உட்காரவைத்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு வரிசையா நின்னீங்களே, அந்தப் படத்தை நான் எடுக்கவே இல்லீங்க. வெறும் வெளிச்சத்தைத்தான் அடிச்சேன்."

சுடலைமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மாள் முறத்தைக்கூட நிறுத்தவில்லை.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "வெளிச்சம் வந்துச்சு, டிக்குன்னு கேக்கல. கட்டைவிரலும் அசையல. ரெண்டு நாளா நாங்க பாட்டே படிச்சிட்டு இருந்தோம், எங்களுக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏனுங்க கேக்கல?"

"கேட்டா என்ன செய்வீய? இன்னொரு மட்டம் வெளிச்சம் அடிப்பீய." முறத்தைக் கீழே வைத்தாள். "சேல மாத்த ரெண்டு நிமிசம் போதும். நாந்தான் சொன்னேன், ஏட்டி, ஒருத்தியும் மாத்தாதீங்க, இப்படியே காட்டுக்குள்ள எறங்குவோம், இந்த ஆளு கைய எப்படி அடக்குதாருன்னு பாப்போம்னு."

நான் கொண்டுபோன பிரதியை நீட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மயில்கழுத்துப் பட்டை எடுத்துவந்து என் மடியில் விரித்தாள். தேயிலைக் குச்சி கீறிய இடத்தில் ஒரு முழத்துக்குத் தையல். நுணுக்கமாகத்தான் தைத்திருந்தாள், ஆனாலும் தெரிந்தது. என் பெயரை ஊர் அறியச் செய்த படம் அது. அதை உண்டாக்கியவள் இவள், நான் வெறுமனே பொத்தானை அமுக்கியிருக்கிறேன். கண் கலங்கிவிட்டது, அவள் பார்க்காததுபோல் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"சரி, எந்திரிங்க. இன்னைக்காவது சத்தம் வருமா?" என்றாள்.

அரை மணி நேரத்தில் லயம் மறுபடி வரிசையில் நின்றது. அதே பூச்சாடி, அதே ரேடியோ, அதே கடிகாரத் தகராறு. பேச்சியம்மாள் தையல் போட்ட இடம் முன்னால் வரும்படி சேலையைக் கட்டியிருந்தாள். சிரிக்கச் சொல்லவில்லை நான். டிக். ஒருவரும் மூச்சு விடவில்லை. லீவரை இழுத்தேன். சர்ர் என்றது லீவரா, அவர்களா, தெரியாது. அதன்பிறகுதான் லயமே சிரித்தது.

அந்தப் படத்தை லயத்தில் வீட்டுக்கு ஒன்று மாட்டியிருக்கிறார்கள். தம்பிகளே, தங்கைகளே, பீர்மேடு பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள். அதில் நாற்பது பேரில் ஒருவர்கூட லென்ஸைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கொஞ்சம் ஒதுங்கி, என் கட்டைவிரலில் இருக்கிறது.